சிறுநீர்ப்பைத் தொற்று: எந்த மருந்து எப்போது?

பெண்களை அதிகம் பாதிக்கும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். சிக்கலற்ற தொற்றுக்கு வாய்வழியாகத் தரப்படும் முக்கிய ஆன்டிபயாடிக் மருந்துகளின் ஒப்பீடு:

நைட்ரோஃபுரான்டாயின்: வழக்கமாக 5 நாள்கள். சிறுநீரில் செறிந்து செயல்படும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராததால் சிறுநீரகத் தொற்றுக்குப் பயன்படாது. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களும், பிரசவத்தை நெருங்கும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

பாஸ்போமைசின்: 3 கிராம் தூளை நீரில் கரைத்து ஒருமுறை அருந்தினால் போதும். ஆனால், 513 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், 28-ஆம் நாளில் குணமடைந்திருந்தோர் நைட்ரோஃபுரான்டாயின் பிரிவில் 70 சதவீதம்; பாஸ்போமைசின் பிரிவில் 58 சதவீதம்.

கோ-டிரைமாக்சசோல்: 3 நாள்கள். அப்பகுதியில் கிருமிகளின் எதிர்ப்புத்திறன் 20 சதவீதத்தைத் தாண்டினால், பரிசோதனையின்றித் தருவது உகந்ததல்ல. இந்தியாவில் பல இடங்களில் இந்த வரம்பு கடந்துவிட்டது. சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

சிப்ரோஃப்ளாக்சசின்: இந்தியாவில் ஈ.கோலையிடம் இதற்கான எதிர்ப்பு மிக அதிகம். தசைநாண், நரம்பு பாதிப்பு அபாயத்தால், மாற்று மருந்து இருக்கும்போது இவ்வகை மருந்துகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் அறிவுறுத்தியது.

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவலி இருந்தாலோ, நோயாளி கர்ப்பிணியாகவோ ஆணாகவோ இருந்தாலோ, சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை அவசியம். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது எதிர்ப்புத்திறனையே வளர்க்கும்.