ஊரிழந்த கற்கள்

புதியவர் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் வினவுவது, "எந்த ஊர்?" என்பதே. அவ்வினாவிற்கு விடை கூறவியலாது நெடுங்காலம் நின்ற சில கற்களின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

மத்திய அமெரிக்காவிலே, குவாத்தமாலா நாட்டின் வடபாகத்தில், பெத்தேன் என்னும் பெருங்காடு உண்டு. கி.பி. 250 முதல் 900 வரை அங்கே மாயா மக்களின் நகரங்கள் செழித்திருந்தன. அரசரின் முடிசூட்டு, திருமணம், போர் ஆகியவற்றை அவர்கள் சுண்ணக்கற்களிற் சித்திர எழுத்துக்களாற் பொறித்தனர்.

1960ஆம் ஆண்டுகளிற் கொள்ளையர் அக்காட்டினுட் புகுந்தனர். கனத்த கற்களைச் சுமத்தல் அரிதாகலின், பலவற்றின் செதுக்கிய முகப்பை மட்டும் அறுத்தெடுத்தனர். அவை கைமாறி, அமெரிக்க நூதனசாலைகளையும் செல்வர் மாளிகைகளையும் அடைந்தன. அவற்றின் ஊரைச் சொல்வார் எவருமிலர்.

1970ஆம் ஆண்டுகளில், யேல் பல்கலைக்கழக மாணவரான பீற்றர் மத்தியூஸ், சிதறிக் கிடந்த கற்கள் பலவற்றை ஒப்புநோக்கினார். ஒரே பாணி, ஒரே மாந்தர் பெயர்கள், அடிக்கடி வரும் பாம்புத்தலைச் சின்னம். இவை ஓரூரைச் சேர்ந்தனவே எனத் துணிந்து, அறியா அவ்வூருக்குக் 'கியூ' எனக் குறியிட்டார். ஸ்பானிய மொழியில் 'எது' என வினவும் சொல்லின் முதலெழுத்து அது.

1997இல் இயன் கிரஹாம், டேவிட் ஸ்ருவேட் ஆகிய இருவரும் காட்டினுள்ளே லா கொரோனா என்னும் இடிபாட்டை ஆராய்ந்தனர். நூதனசாலைக் கற்களிற் கண்ட பெயர் அங்குள்ள கல்வெட்டிலும் இருந்தது. 2005இல் மார்செல்லோ கனூட்டோ, கொள்ளையர் கைப்படாத கல்லொன்றை அங்கே கண்டார். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட அக்கல்லினால் ஐயம் நீங்கியது.

ஊர் தெரிந்ததும் கற்கள் பேசலாயின. டலஸ் நகர நூதனசாலையிலுள்ள கல்லொன்று, பாம்புச் சின்ன அரசகுலத்து இளவரசியர் மூவர் 520, 679, 721ஆம் ஆண்டுகளில் மணமகளிராய் வந்ததைக் கூறுகின்றது. பேரரசொன்று சிற்றூரை மணவுறவாற் பிணைத்த வரலாறு இது. ஊரறியாதவரை, அவர்கள் எங்கு வந்தனர் என்பதே விளங்கவில்லை.

ஆயினும், எந்தக் கல் எந்தச் சுவரில், எந்தப் படியில் இருந்தது என்பதைப் பெரும்பாலும் மீட்டல் அரிது. களவுற்ற கல்லை மீட்கலாம். அது நின்ற மண்ணின் சான்று ஒருமுறை அழிந்தால் அழிந்ததே. 1970இல் யுனெஸ்கோ இத்தகைய வாணிபத்தைத் தடுக்கும் உடன்படிக்கை செய்தது இதனாலன்றோ? நேயர்களே, நூதனசாலையில் ஒரு சிலையைக் காணும்போது, அழகை வியந்தபின், அதன் ஊரையும் கேளுங்கள்.