அசையா முகமும் அயரா ரசிகர்களும்: பஸ்டர் கீட்டன் மறைவுக்குப் பின் ஒரு நினைவுகூரலின் வரலாறு

1. பொருளும் எல்லையும்

நகைச்சுவை நடிகர் ஒருவர் மறைந்தால் ரசிகர்கள் அவர் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொள்வார்கள். அவர் பேசிய வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். திரையில் சிரிக்காதவர், தம் தலைசிறந்த படங்களில் குரலே கேட்காதவர் இறந்துபோனால் அவரை எதைக் கொண்டு நினைப்பது? அமெரிக்க மௌனப்பட நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன் 1966 பிப்ரவரி 1 அன்று, 70ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதன்பின் அவருடைய ரசிகர்கள் செய்துவந்திருக்கும் பணிகளே இக்கட்டுரையின் பொருள்.

அவர்கள் அஞ்சலி செலுத்துவதோடு நிற்கவில்லை. தொலைந்த படச்சுருள்களைத் தேடினார்கள், படம் எடுத்த தெருக்களைக் கண்டுபிடித்தார்கள், அவர் செய்த சாகசங்களின் அளவுகளைக் கணக்கிட்டார்கள். இந்தத் தேடலுக்கான தூண்டுதல் அந்த முகத்திலேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். 1920 முதல் 1928 வரை அவர் சொந்தப் பொறுப்பில் எடுத்த படங்களே இங்கு அடிப்படை. எம்.ஜி.எம். நிறுவனத்தில் அவர் பின்னர் நடித்த பேசும் படங்களை அவருடைய ரசிகர்களே பெரிதாகப் போற்றுவதில்லை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2. முகம்

2.1 மேடையில் கற்றது

ஜோசப் பிராங்க் கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று கான்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஜோவும் மைராவும் ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் குழுவொன்றில் ஆடிப் பிழைத்தவர்கள். பயணத்தின் நடுவே தங்கிய ஊரில் பிள்ளை பிறந்தது. அவ்வளவுதான் அந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு. நடக்கப் பழகிச் சில ஆண்டுகளிலேயே அவரும் மேடையேறினார். 'மூன்று கீட்டன்கள்' என்ற அந்த நிகழ்ச்சியில் தகப்பனார் மகனைத் தூக்கி எறிவார். பின்னால் தொங்கும் திரைமேல் எறிவார். வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் எறிவார். பிடித்து வீச வாகாக, சிறுவனின் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. குழந்தைகளைக் காக்கும் சங்கத்தார் நிகழ்ச்சியை நிறுத்தப் பார்த்ததும் உண்டு.

விழுந்து எழுந்து தாம் சிரித்தால் அவையில் சிரிப்பு குறைகிறது, ஒன்றுமே நடக்காதவர்போல் நின்றால் சிரிப்பு பெருகுகிறது என்பதைக் கீட்டன் அங்கேதான் கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவரே இதைப் பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். ஆகவே அந்த அசைவின்மை பிறவிக் குணமன்று, மனச்சோர்வின் அடையாளமுமன்று. சிறுவயதில் கூட்டத்தின் முன் சோதித்துப் பெற்ற தொழில்நுட்பம். இதை முதலிலேயே வலியுறுத்தக் காரணம் உண்டு. அவரைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

2.2 முகம் அடங்க, உடல் பேசுதல்

'கோ வெஸ்ட்' (1925) படத்தில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக் கீட்டனைச் சிரிக்கச் சொல்கிறான். அவர் இரண்டு விரல்களால் உதட்டின் ஓரங்களை மேலே தள்ளிப் பார்க்கிறார். உயிருக்கே ஆபத்து வந்த நேரத்திலும் அந்த முகத்திலிருந்து புன்னகை தானாக வருவதில்லை. தம் கலையின் விதியை அவரே ஒரு காட்சியாக்கி விளக்கிவிட்டார் என்று சொல்லலாம்.

உள்ளத்தில் எழுவது உடலில் வெளிப்படும் என்பது தமிழ் மரபின் மெய்ப்பாட்டுக் கொள்கை. தொல்காப்பியம் அவ்வகை எட்டில் நகையை முதலில் வைக்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கீட்டன் மெய்ப்பாடே இல்லாதவர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டத் தோன்றும். முகம் மட்டுமே உடலாகாது. அவர் ஓடும்போது முன்னோக்கிச் சாயும் கோணம், திடுக்கிட்டு நிற்கையில் விறைக்கும் முதுகு, தூரத்தை அளக்க நெற்றிமேல் கைவைத்துப் படகின் முனையில் உடலைச் சரித்து நிற்கும் நிலை எல்லாமே பேசுகின்றன. அச்சமும் காதலும் வியப்பும் கழுத்துக்குக் கீழே நிகழ்கின்றன. கண்ணும் சும்மா இருப்பதில்லை. மெல்ல ஒருமுறை இமைப்பதே ஒரு பெரிய செய்தியாகிவிடுகிறது. முகம் ஒதுங்கிக்கொள்வதால் நம் பார்வை அதில் தங்காமல் உடலுக்கும், உடலிலிருந்து அவரைச் சுற்றியுள்ள பொருள்களுக்கும் நகர்கிறது. ரயில், படகு, சுவர், ஏணி, புயல் என எல்லாமே அவருக்குச் சக நடிகர்கள்.

ரசிகர்களின் பிற்காலச் செயல்களுக்கு வித்து இதுதான் எனக் கருதுகிறோம். எப்படி உணர வேண்டும் என்று முகம் சொல்லித்தரும் நடிகரின் படம் முடிந்ததும் அந்த உணர்ச்சியோடு வீடு திரும்புகிறோம். கீட்டன் படம் முடிந்ததும் எழும் கேள்வி வேறு: அதை எப்படிச் செய்தார்?

3. மறைந்தபோது இருந்த நிலை

கீட்டன் மறக்கப்பட்டு, வறுமையில், குடியால் சிதைந்து இறந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். இது பிழை. 1928இல் எம்.ஜி.எம். ஒப்பந்தத்தில் சேர்ந்து தம் சுதந்திரத்தை இழந்ததும், முதல் மணவாழ்க்கை முறிந்ததும், குடிக்கு அடிமையானதும், 1933இல் அந்நிறுவனம் அவரை வெளியேற்றியதும் உண்மையே. ஆனால் 1940இல் நடனக்காரர் எலினார் நாரிஸை மணந்தபின் வாழ்க்கை நிலைப்பட்டது. கணவர் இறக்கும்வரை எலினார் உடனிருந்தார். 1949 செப்டம்பரில் 'லைஃப்' இதழில் ஜேம்ஸ் ஏஜி மௌனப்பட நகைச்சுவை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை கீட்டனைச் சாப்ளின், ஹரோல்டு லாயிட், ஹாரி லாங்டன் ஆகியோரோடு நால்வருள் ஒருவராக வைத்தது. தொலைக்காட்சியும் விளம்பரங்களும் அவரை ஓயாமல் அழைத்தன. 1960இல் ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. 1965 செப்டம்பரில், சாமுவேல் பெக்கெட் எழுதிய குறும்படத்தோடு வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனார். அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. ஐந்து மாதத்தில் இறந்தார். நோயின் உண்மைப் பெயரை அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தார்கள்.

எனவே 1966இல் ரசிகர்கள் இழந்தது மீண்டும் அரங்கேறிக்கொண்டிருந்த ஒரு கலைஞரை. அவருடைய படங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துகொண்டிருந்தன. ஆள் போய்விட்டார், படங்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இந்த இடைவெளிதான் அவர்களைச் செயலில் இறக்கியது.

4. நினைவின் வடிவங்கள்

4.1 சுருள்

அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றாவிட்டாலும் நாளடைவில் இளகிப் பொடியாகும். பேசும் படம் வந்தபின் மௌனப்படச் சுருளுக்கு மதிப்பில்லாமல் போனது. கீட்டனே தம் படங்கள் இனி யாருக்கும் தேவைப்படா என்றே நினைத்திருந்தார். பெவர்லி ஹில்ஸில் அவர் கட்டி, பின்பு இழந்த மாளிகையை ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கியிருந்தார். 1950களில் அங்கே மறைந்துகிடந்த சுருள்கள் கிடைத்தன. 1954இல் லாஸ் ஏஞ்சலஸ் கொரோனெட் அரங்கை நடத்திவந்த ரேமண்ட் ரோஹவரைக் கீட்டன் சந்தித்தார். தம்மிடம் எஞ்சியிருந்தவற்றை அவரிடம் ஒப்படைத்தார். ரோஹவர் அவற்றைத் தீப்பற்றாத சுருளுக்கு மாற்றினார், சிதறிய பிரதிகளைச் சேர்த்தார், உரிமைகளுக்காக வழக்காடினார்.

ரோஹவரைப் பற்றி ரசிகர்களிடையே இன்றும் இருவேறு கருத்து உண்டு. படங்களின்மேல் அவர் செலுத்திய உரிமை கடுமையானது. பிறர் திரையிடுவதைத் தடுக்க நீதிமன்றம் ஏறத் தயங்கியதில்லை. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் சுருள் அழிந்துபோயிருந்தால் வழக்குப் போடவும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இருபக்கமும் எடைபோட்டால் அவருக்கு நன்றி சொல்வதே முறை.

அவர் காலத்தோடு இந்த வேலை முடிந்துவிடவில்லை. 'ஹார்ட் லக்' (1921) குறும்படத்தின் கடைசிக் காட்சிதான் தமக்கு மிகப் பெரிய சிரிப்பைப் பெற்றுத்தந்தது என்று கீட்டன் சொல்லிவந்தார். அந்தக் காட்சி பல்லாண்டுகள் கிடைக்கவேயில்லை. நீச்சல் குளத்துக்கு வெளியே தரையைப் பிளந்துகொண்டு விழுகிறவர், ஆண்டுகள் கழித்துச் சீன மனைவி மக்களோடு அந்தக் குழியிலிருந்து ஏறிவருகிறார் என்பதை ரசிகர்கள் விவரிப்பாலும் ஒளிப்படத்தாலும் மட்டுமே அறிந்திருந்தார்கள். பின்னர்தான் அதைப் பார்க்கக் கிடைத்தது. 2013இல் அர்ஜென்டினாவின் திரைப்பட வரலாற்றாளர் பெர்னாண்டோ பேன்யா 'தி பிளாக்ஸ்மித்' (1922) படத்தின் வேறொரு வடிவத்தைக் கண்டெடுத்தார். அதுவரை எவரும் அறியாத காட்சிகள் அதில் இருந்தன. 90 ஆண்டு பழைய படத்தில் புதிய காட்சி! இறந்துபோன கலைஞரின் ரசிகர்களுக்கு இப்படி ஒரு பேறு வாய்ப்பது அரிது. 2015 முதல் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகம் உலகெங்குமுள்ள பிரதிகளை ஒப்பிட்டு, பழைய ஏடுகளுக்குப் பாடபேதம் பார்ப்பதுபோல், கீட்டன் படங்களைச் செப்பனிட்டுவருகிறது.

4.2 கூடுகை

1992இல், அவர் பிறந்த அக்டோபர் 4 அன்று, பன்னாட்டு பஸ்டர் கீட்டன் சங்கம் தொடங்கியது. 'தி போட்' (1921) படத்தில் வரும் படகின் பெயரைக் கொண்டு தங்களை 'டாம்ஃபினோக்கள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் இவர்கள் மாநாடு கூடுகிறது. ஆண்டெல்லாம் பயணத்திலேயே கழித்த கீட்டன் குடும்பம் கோடைக்காலத்தில் ஓய்ந்திருந்த ஊர் அது. அங்கிருந்த நடிகர் குடியிருப்பை அமைத்தவர்களில் அவருடைய தகப்பனாரும் ஒருவர். படம் ஓடும்போது பழைய ஆர்கன் இசை உடன் ஒலிக்கிறது. கான்சாஸில் பிக்குவாவை அடுத்த அயோலா நகரிலும் 1993 முதல் பல ஆண்டுகள் விழா நடந்தது.

எலினாரின் பங்கு இங்கே குறிக்கத்தக்கது. கணவர் இறந்தபின் 1998இல் தாம் மறையும்வரை விழாக்களுக்கெல்லாம் போனார், ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார், கட்டுக்கதைகளைத் திருத்தினார். கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் எடுத்த 1987 ஆவணப்படத்தில் அவருடைய சாட்சியம் கேட்கிறது. ரசிகர் கூட்டம் கதைகளைப் பெருக்குவது இயல்பு. தெரிந்தவர் ஒருவர் இருந்து குறைத்ததால் கீட்டன் பற்றிய நினைவு ஓரளவு உண்மையோடு நிலைத்தது.

4.3 இடம்

ஜான் பெங்ட்சன் என்பவர் 2000இல் வெளியிட்ட 'சைலன்ட் எக்கோஸ்' நூல், கீட்டன் படங்களின் பின்னணியில் தெரியும் கட்டடங்களைப் பழைய வரைபடங்களோடும் ஒளிப்படங்களோடும் ஒப்பிட்டு, காட்சி எடுக்கப்பட்ட இடங்களைத் தெருவாரியாக அடையாளம் காட்டியது. 'காப்ஸ்' (1922) படத்தில் கடந்து செல்லும் காரை ஒற்றைக் கையால் பற்றிக் கீட்டன் பறந்துபோகும் இடம், சாப்ளினின் 'தி கிட்', லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' ஆகிய படங்களின் காட்சிகளும் எடுக்கப்பட்ட ஹாலிவுட் சந்துதான் என்பது பெங்ட்சனின் கண்டுபிடிப்புகளில் ஒன்று. கீட்டனின் படப்பிடிப்புக்கூடம் இருந்த தெருமுனையில் முதலில் பதித்த நினைவுப் பலகை தவறான மூலையில் இருந்ததைச் சுட்டிக்காட்டியவர்களும் இத்தகைய ரசிகர்களே.

ஆரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் ஊரில் 'தி ஜெனரல்' (1926) படத்துக்காக எரியும் பாலத்திலிருந்து உண்மையான ரயில் எஞ்சினை ஆற்றில் விழவைத்தார் கீட்டன். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும்வரை அது ஆற்றிலேயே கிடந்தது. இன்று அவ்வூர்ச் சுவரில் அவர் ஓவியமாக இருக்கிறார்.

4.4 செய்துகாட்டல்

'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' (1928) படத்தில் புயலில் வீட்டின் முன்சுவர் முழுதாகச் சாய்கிறது. கீட்டன் நிற்கும் இடத்தில் மாடிச் சன்னலின் திறப்பு வந்து பொருந்த, உயிர் தப்புகிறார். சுவர் ஏறக்குறைய இரண்டு டன் எடை. தலைக்கும் தோளுக்கும் விட்டிருந்த இடைவெளி சில அங்குலம். ஜாக்கி சான் 'ப்ராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் (1987) இதே காட்சியைத் தம் உடலை வைத்துச் செய்தார். கீட்டனுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்லிவந்திருக்கிறார். நம்மூர்க் கொட்டகைகளில் ஜாக்கி சானுக்குக் கைதட்டிய தலைமுறை, அறியாமலே கீட்டனுக்கும் கைதட்டியிருக்கிறது. ஆங்கிலேயக் கலைஞர் ஸ்டீவ் மெக்வீன் 1997இல் அதே சுவரின் கீழ்த் தாமே நின்று ஒரு குறும்படம் எடுத்தார். பல கோணங்களில் சுவர் மீண்டும் மீண்டும் விழ, அவர் முகம் அசையாமல் நிற்கிறது. கறுப்பின இளைஞர் ஒருவர் அப்படி நிற்கையில் அந்த அசையாமைக்கு வரும் கனம் வேறு. ஒருவரை நினைவுகூர்வதில் இதைவிட ஆழமான வழி உண்டா என்று தெரியவில்லை. அவர் நின்ற அபாயத்தில் தானும் நின்றுபார்ப்பது பேச்சால் ஆகாதது.

5. தவிர்க்கவேண்டிய நினைவு

அந்த முகத்தைச் சோகத்தின் முகவரியாகக் காண்பவர்கள் இன்றும் மிகுதி. சிரிக்காத முகம், சிதைந்த மணவாழ்க்கை, குடி என்னும் மூன்றையும் முடிச்சுப்போட்டு, 'அழும் கோமாளி'க் கதையைக் கட்டிவிடுகிறார்கள். 1957இல் வந்த அவருடைய வாழ்க்கைப் படமே உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியது. படத்தைக் கீட்டன் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் வுட்லண்ட் ஹில்ஸில் வீடு வாங்கி, கோழி வளர்த்து, தோட்டமிட்டு, சீட்டாடி, கடைசிக் காலத்தை நிறைவாகக் கழித்தார். சோகக் கதை அவருக்குச் செய்யும் அநீதி பெரிது. கணக்குப் போட்டு, ஒத்திகை பார்த்து, எலும்பு முறித்துச் செதுக்கிய கலையை அது வெறும் துயரத்தின் கசிவாகச் சுருக்கிவிடுகிறது. 'ஷெர்லக் ஜூனியர்' (1924) எடுக்கையில் ரயில் தண்ணீர்க் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. கழுத்தெலும்பு முறிந்ததே பல ஆண்டுகள் கழித்து மருத்துவர் படமெடுத்தபோதுதான் தெரிந்தது. அந்தக் காட்சியிலும் முகம் மாறவில்லை, எழுந்து ஓடினார்.

6. வாசகருக்கு

1920களில் கீட்டன் எடுத்த படங்கள் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன. மொழித் தடையும் இல்லை. இடையிடையே வரும் சில வரி எழுத்தை ஒருவர் வாய்விட்டுத் தமிழில் சொன்னால் போதும். நம் ஊர்களின் திரைப்படச் சங்கங்களும் கல்லூரி மன்றங்களும் நூலகங்களும் முதலில் 'ஒன் வீக்' (1920) குறும்படத்தையும், அடுத்து 'ஷெர்லக் ஜூனியரை'யும் திரையிடட்டும். கையில் ஒரு செல்போனோடு தனியே பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பாருங்கள். கூட்டத்தின் சிரிப்பைக் கணக்கில் கொண்டே அந்த முகம் அசையாமல் நிற்கப் பழகியது.