அடிமையாக இராத இரண்டாம் வன்தட்டு

பழைய மேசைக் கணினியில் இரண்டாவது வன்தட்டை இணைக்க முற்படுவோர் முதலில் கைவைக்க வேண்டியது ஜம்பர் என்னும் சிறு செருகியில். தட்டின் பின்புற ஊசிகளில் அது அமரும் இடத்தைப் பொறுத்து ஒரு தட்டு ‘மாஸ்டர்’ ஆகிறது, மற்றது ‘ஸ்லேவ்’ ஆகிறது. பெயரைக் கேட்டவுடன், முன்னது பின்னதை ஆள்கிறது என்று எண்ணத் தோன்றும். இத்தொழில்நுட்பத்தின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடமளிக்கவில்லை.

1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. எக்ஸ்.டி. 10 மெகாபைட் வன்தட்டுடன் வெளிவந்தபோது, தட்டை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று தனியொரு அட்டையில் இருந்தது. இரண்டாவது தட்டைச் சேர்த்தாலும் இரண்டையும் அந்த ஒரே அட்டைதான் நடத்தியது. 1980களின் நடுவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பேக் முதலிய நிறுவனங்களின் முயற்சியால் அச்சுற்று தட்டின் உடலுக்குள்ளேயே குடியேறியது, ஐ.டி.இ. என்ற பெயர் குறிப்பது இதனையே. அதனால் புதியதொரு சிக்கல் பிறந்தது. 40 ஊசிகள் கொண்ட ஒரே பட்டைக் கேபிளில் இப்போது இரண்டு கட்டுப்பாட்டுச் சுற்றுகள். கட்டளை வந்தால் எது செவிசாய்ப்பது?

தீர்வு எளியது. கட்டளை இரண்டுக்கும் செல்லும். அது யாருக்கு உரியது என்பதை ஒரேயொரு பிட் சொல்லும். தன் எண் 0 அல்லது 1 என்பதைத் தட்டுக்கு உணர்த்துவதே ஜம்பரின் பணி. தொடக்கச் சோதனையில் மட்டும் இரண்டாம் தட்டின் நிலையையும் முதல் தட்டே கணினிக்கு அறிவிக்கிறது. (வெஸ்டர்ன் டிஜிட்டல் தட்டுகள் பலவற்றில் ‘தனித்தட்டு’ என்றொரு நிலை வேறாக இருந்ததற்கு இதுவே காரணம். துணைத்தட்டு வந்தால் பழைய தட்டின் ஜம்பரையும் மாற்றியாக வேண்டும்.) இதற்கு அப்பால் ஆளுகை ஏதும் இல்லை. பிற்காலத் தர ஆவணங்கள் ‘சாதனம் 0’, ‘சாதனம் 1’ என்றே எழுதின.

2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம், இச்சொற்களைத் தவிர்க்குமாறு தனக்குக் கருவி வழங்குவோரைக் கேட்டுக்கொண்டபோது பலர் நகைத்தனர். அறம் ஒருபுறம் இருக்கட்டும். தொழில்நுட்பத் துல்லியத்திலும் அக்கோரிக்கையே சரி என்பது என் கருத்து. அதே ஆண்டில், கேபிளுக்கு ஒரு தட்டு என்னும் சாட்டா இணைப்பு முறையும் வந்துவிட்டதால் விவாதம் மெல்ல ஓய்ந்தது.

1990களின் களஆய்வுத் தரவுகள் இத்தகைய தட்டுகளில் உறங்கும் துறைகளுக்கு இது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. ‘ஸ்லேவ்’ ஆக்கினால் தரவு அழியும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஜம்பரை மாற்றுவது தட்டில் எழுதப்பட்ட எதனையும் தொடுவதில்லை. அஞ்சத்தக்கது வேறொன்று. அம்முறையின் முகவரிக்கு 28 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன: 26,84,35,456 பகுதிகள், பகுதிக்கு 512 பைட்டுகள், ஆக ஏறத்தாழ 137 ஜிகாபைட். 48 பிட் முகவரி 2002இல்தான் தரமாயிற்று. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யும் மறு ஆண்டின் முதல் சர்வீஸ் பேக் வழியாகவே அதனைக் கற்றது. அதற்கு முந்திய கணினியில் 160 ஜிகாபைட் தட்டைத் துணையாக இணைத்துப் படியெடுத்தால், எல்லையைக் கடந்த எழுத்து தட்டின் தொடக்கத்துக்கே திரும்பி, ஏற்கெனவே படியெடுத்தவற்றின்மேல் பதியக்கூடும். எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாமலும் போகலாம். ஆகவே பயாஸ், இயங்குதளம் இரண்டும் 48 பிட் முகவரியை அறிந்தவையா என்று பார்த்த பின்னரே படியெடுக்கத் தொடங்குங்கள்; ஐயமிருந்தால் 120 ஜிகாபைட் தட்டே போதும்.