கம்பம் ஏறப் பழகியவர்கள்

அமெரிக்காவில் லைன்மேன் என்ற தொழில் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1843இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சாமுவேல் மோர்ஸுக்கு 30,000 டாலர் ஒதுக்கியது. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே, ஏறத்தாழ 40 மைலுக்கு, அவர் தந்திக் கம்பி போட்டுக் காட்ட வேண்டும். கம்பியை ஈயக் குழாய்க்குள் செலுத்தி மண்ணில் புதைப்பதுதான் முதல் திட்டம். எஸ்ரா கார்னெல் இதற்கென்றே ஒரு கலப்பையை வடிவமைத்தார். மண்ணைக் கீறி, குழாயை இறக்கி, பள்ளத்தை மூடிக்கொண்டே அது நகரும். சில மைல் புதைத்த பிறகு பார்த்தால், குழாய்க்குள் கம்பியின் காப்பு கெட்டுப்போயிருந்தது. பணமும் கரைந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மரக் கம்பங்களை நட்டு உச்சியில் கம்பியை இழுத்தார்கள். 1844 மே 24 அன்று அதன் வழியே செய்தி போனது.

கம்பி மேலே போனதால், அதைப் பழுதுபார்க்க மனிதனும் மேலே போக வேண்டியதாயிற்று.

அடுத்த 35 ஆண்டுகள் அந்த மனிதனுக்கு ஒரே பயம்தான்: கீழே விழுவது. தந்திக் கம்பியில் ஓடியது பேட்டரி மின்சாரம். அது ஆளைக் கொல்லாது. காலில் கட்டிய இரும்பு முள்ளை மரத்தில் குத்திக் குத்தி ஏறத் தெரிந்தால் போதும், அவன் லைன்மேன். 1861 அக்டோபரில் கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் தந்தி இணைத்தபோது, அந்தப் பாதையில் வேலை செய்தவர்கள் அப்படிப் பார்த்துப் பார்த்தே பழகியவர்கள். பாடத்திட்டமும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

1879இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் வில்விளக்குகளை ஏற்றினார். மறு ஆண்டே நியூயார்க்கின் பிராட்வே வீதியிலும் அவை எரிந்தன. இந்த விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில் இணைப்பார்கள். ஒரு விளக்குக்குச் சுமார் 50 வோல்ட் என்றால், 40 விளக்குகள் கொண்ட தொடருக்கு 2,000 வோல்ட் வேண்டும். இந்தக் கம்பிகள் எல்லாம் தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் போன அதே தெருக்களில், பல இடங்களில் அதே கம்பங்களில், நெருக்கியடித்துக்கொண்டு போயின. தந்தி லைன்மேன் தன் கம்பியைத்தான் தொடுகிறான். ஆனால் நாலு தெரு தள்ளி அந்தக் கம்பி ஒரு விளக்குக் கம்பியின்மேல் உரசிக்கொண்டிருந்தால், அது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜான் ஃபீக்ஸ் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் லைன்மேன். 1889 அக்டோபர் 11 அன்று பகல் உணவு வேளையில், நியூயார்க் நகர மாளிகைக்குப் பக்கத்தில், சென்டர் வீதியும் சேம்பர்ஸ் வீதியும் சந்திக்கும் முனையில் கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தார். செத்த கம்பி என்று நினைத்துத் தொட்டதில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தது. கம்பிக் கூட்டத்தில் சிக்கிய உடல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே தொங்கியது. ஆயிரக்கணக்கானோர் கீழே நின்று பார்த்தார்கள். அவருடைய குடும்பத்துக்காக அந்தக் கம்பத்திலேயே ஓர் உண்டியல் கட்டப்பட்டது. வழியில் போனவர்கள் போட்ட சில்லறையும் நோட்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 டாலர் ஆயிற்று. மேயர் ஹியூ கிரான்ட் கம்பங்களை வெட்டிச் சாய்க்க உத்தரவிட்டார். அதை எதிர்த்த வழக்குகள் முடிந்ததும் கோடாரிகள் தெருவில் இறங்கின. கம்பிகள் மெல்ல மெல்லத் தரைக்கடியில் போயின.

இதெல்லாம் நியூயார்க்கின் மையத்தில் நடந்தது. மற்ற ஊர்களில் கம்பங்கள் நின்றபடியே நின்றன. ஏறியவர்களும் தெரியாமலே ஏறினார்கள்.

1890இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பெரிய கண்காட்சி நடந்தது. அதன் மின் அலங்காரத்துக்காக நாடெங்கிலுமிருந்து வயர்மேன்களும் லைன்மேன்களும் வந்து குவிந்தார்கள். பகலில் வேலை, இரவில் தங்கும் விடுதியில் பேச்சு. எல்லா ஊரிலும் ஒரே கதைதான்: நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள், மணிக்கு 15 முதல் 20 சென்ட். சாவு அதற்கு மேல். சில பகுதிகளில் இந்த வேலைக்கு எடுக்கப்பட்ட இருவரில் ஒருவர் வேலையிலேயே இறந்தார் என்று இவர்கள் தொடங்கிய சங்கத்தின் வரலாறு பதிவு செய்கிறது. பழக்கிவிட ஆளில்லாமல் புதியவனைக் கம்பத்தில் ஏற்றியதற்குக் கிடைத்த பலன் அது.

அந்த இரவுப் பேச்சில் முன்னால் நின்றவர் ஹென்றி மில்லர். டெக்சாஸ்காரர். சிறுவனாக இருந்தபோதே அரசாங்கத் தந்தி லைன் போடும் கூட்டத்தில் தண்ணீர் சுமக்கச் சேர்ந்து, அங்கிருந்து கம்பம் ஏறப் பழகியவர். 1891 நவம்பர் 21 அன்று செயின்ட் லூயிஸில் ஒரு நடனக் கூடத்துக்கு மேலே இருந்த சிறிய அறையில் 10 பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த உறுப்பினர்கள் மொத்தம் 286 பேர். தேசிய மின் தொழிலாளர் சகோதரத்துவச் சங்கம் பிறந்தது, மில்லர் தலைவரானார். பிறகு அவர் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் லைன்மேன் வேலை செய்துகொண்டே கிளை தொடங்கினார். சிகாகோ, மில்வாக்கி, நியூ ஆர்லியன்ஸ், பிட்ஸ்பர்க் என்று அந்தப் பட்டியல் நீளும்.

1896 ஜூலையில் வாஷிங்டனில் புயல் அடித்தது. அப்போது அங்கே ஒரு மின் நிறுவனத்தில் தலைமை லைன்மேனாக இருந்த மில்லர், இரவில் கம்பம் ஏறி அறுந்த லைனைச் சரிசெய்துகொண்டிருந்தார். 2,200 வோல்ட் தாக்கிக் கீழே விழுந்தார். தலையில் பட்ட அடியால் இறந்தார். வயது 43. சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் கம்பத்தில் கழித்தவருக்கே இந்த முடிவு என்றால், முந்தா நாள் பண்ணையிலிருந்து வந்த பையனின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கனடாக்காரர்களும் சேர, 1899இல் சங்கத்தின் பெயரில் ‘தேசிய’ போய் ‘சர்வதேச’ வந்தது.

அந்தக் காலத்துப் பயிற்சி முறையை அறிய நல்ல ஆவணம் ஒரு நாவல். வில்லியம் விஸ்டர் ஹெய்ன்ஸ் தானே லைன்மேனாக இருந்தவர். 1934இல் அவர் எழுதிய ‘ஸ்லிம்’, ஒரு பண்ணைப் பையன் லைன் கூட்டத்தில் கீழ்வேலைக்காரனாகச் சேர்ந்து லைன்மேன் ஆகும் கதை. 1937இல் ஹென்றி ஃபோண்டா நடிக்கப் படமாகவும் வந்தது. கீழ்வேலைக்காரன் என்றால் கம்பத்தடியில் நிற்பவன். மேலே இருப்பவருக்கு வேண்டிய பீங்கான், போல்ட், கிராஸ் ஆர்ம், ஸ்பேனர் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி அனுப்புபவன். குழி தோண்டுவது அவன் வேலை, கருவி துடைப்பது அவன் வேலை. எடுபிடி வேலையாகத் தெரியும். ஆனால் கயிற்றின் கீழ்முனையில் நின்றவன்தான் மேலே உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் பார்த்தான். எந்தக் கையை எங்கே வைத்தார், எந்தக் கம்பிக்கு முதுகைக் காட்டாமல் திரும்பினார், எதைத் தொடுமுன் இருமுறை யோசித்தார் என்பதெல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்த்த மாதக்கணக்கான நேரத்தில் கண்ணில் படிந்தது. பின்னால் எழுதப்பட்ட எல்லாப் பாடத்திட்டங்களுக்கும் இந்தக் காலம்தான் அடிப்படை. அவனுக்கு நல்ல லைன்மேன் வாய்த்தால் பிழைத்தான். அலட்சியக்காரர் வாய்த்தால் அலட்சியத்தையே கற்றான். அதிர்ஷ்டத்தின் கையிலிருந்து பயிற்சியைப் பிடுங்குவதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் வேலையாக இருந்தது.

கருவிகள் முதலில் வந்தன. 1913 வாக்கில் இல்லினாய் மாநிலத்தின் டெய்லர்வில் ஊரில், மின்சாரம் ஓடும் கம்பியை எட்ட நின்று கையாள மரக் கோல்களைச் செய்துகொண்டார்கள். ரப்பர் கையுறையும் பரவியது. மரக் கோலுக்குப் பதிலாக ஃபைபர் கிளாஸ் கோல் வந்தது 1950களின் கடைசியில்தான்.

சட்டம் நிதானமாக வந்தது. தொழில் பழகுநருக்கென முறையான சட்டத்தை விஸ்கான்சின் மாநிலம் 1911இல் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1937 ஆகஸ்டில்தான் வந்தது. 1941இல் மின் தொழிலாளர் சங்கமும் ஒப்பந்தக்காரர் சங்கமும் கூட்டாகப் பயிற்சிக் குழு அமைத்துப் பொதுவான தரங்களை வகுத்தன. முதலாளியும் தொழிலாளியும் சரிபாதியாக உட்கார்ந்து, ஒரு பையன் எப்போது கம்பம் ஏறலாம் என்று முடிவு செய்தது பெரிய மாற்றம். தேவையும் அப்போதுதான் பெருகியது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்தினார். கூட்டுறவுச் சங்கங்கள் கடன் வாங்கி வயல்வெளியெங்கும் லைன் இழுத்தன. 1950களின் நடுவில் பத்தில் ஒன்பது பண்ணைக்கும் மேல் விளக்கெரிந்தது. அத்தனை கம்பங்களுக்கும் ஆள் வேண்டும் என்றால், ஆளைப் பழக்கியே தீர வேண்டும்.

இன்று அமெரிக்காவில் வெளிப்புற லைன் வேலைக்குச் சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் கூட்டாக நடத்தும் அப்ரண்டிஸ் பயிற்சி 7,000 மணி நேரம். ஓய்வொழிவில்லாமல் வேலை கிடைத்தால் மூன்றரை ஆண்டு. ஆயிரம் மணிக்கு ஒரு படி என்று ஏழு படிகள். சம்பளம் பெரும்பாலும் தேர்ந்த லைன்மேன் கூலியில் 60 சதவீதத்தில் தொடங்கி, கடைசிப் படியில் 90 சதவீதத்துக்கு வரும். கூடவே வகுப்பறைப் பாடமும் உண்டு.

கம்பம் ஏறும் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. திறந்த வெளியில், கம்பி எதுவும் இல்லாத மரக் கம்பங்களை நட்டிருப்பார்கள். காலில் இரும்பு முள், இடுப்பில் பெல்ட். முழங்கால் மரத்தை ஒட்டினால் முள் பிடி விடும். உடல் வெளியே சாய்ந்திருந்தால்தான் மரத்தில் ஆழமாக இறங்கும். உயரத்தைக் கண்டு பயப்படுபவன் மரத்தைக் கட்டிக்கொள்வான், கட்டிக்கொண்டாலோ சறுக்குவான். இந்த இயல்பை உடம்பிலிருந்து கழற்ற, பயிற்சியாளர்கள் பையன்களை உச்சியில் நிறுத்தி, ஒருவருக்கொருவர் பந்து எறிந்து பிடிக்கச் சொல்கிறார்கள். பந்தில் கவனம் போனதும் கால் தானாக நிற்கப் பழகுகிறது.

கையுறைப் பாடம் இன்னும் கண்டிப்பானது. ரப்பர் கையுறையைத் தினமும் அணியுமுன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை போதும் ஆளைக் கொல்ல. அதன்மேல் தோல் உறை. குறித்த கால இடைவெளியில் சோதனைக்கூடத்தில் மின்னழுத்தம் செலுத்திப் பார்த்த கையுறைதான் செல்லும். தரையை விட்டுக் கிளம்பும்போது மாட்டினால் தரைக்குத் திரும்பும்வரை கழற்றக் கூடாது என்பது பல நிறுவனங்களில் விதி. முதல் படிகளில் உள்ள அப்ரண்டிஸை உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். பிறகு விடும்போதும் தேர்ந்தவர் ஒருவரின் கண் அவன்மேல் இருக்க வேண்டும்.

இந்தப் பாடங்களிலேயே முக்கியமானது கம்பத்திலிருந்து மனிதனை மீட்பது. ஷாக் அடித்துத் தொங்குபவனுக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை நேரம் கிடையாது. மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை சாகத் தொடங்கும். காப்பாற்றக்கூடியவன் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் சகதொழிலாளி மட்டுமே. 1967 ஜூலை 17 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் இது உலகத்தின் கண்முன் நடந்தது. ராண்டல் சாம்பியன் என்ற லைன்மேன் 4,160 வோல்ட் கம்பியில் பட்டு, இதயம் நின்று, பாதுகாப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். சகதொழிலாளி ஜே. டி. தாம்சன் ஓடிவந்து ஏறி, அவரைத் தாங்கிப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். அவ்வழியே வந்த ஜாக்சன்வில் ஜர்னல் புகைப்படக்காரர் ராக்கோ மொராபிட்டோ ஆம்புலன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். மறு ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சாம்பியன் அதன்பின் 35 ஆண்டு வாழ்ந்து 2002இல் காலமானார். அந்தப் படத்தில் பலர் பாசத்தைப் பார்க்கிறார்கள், அது இருக்கட்டும். பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு ஒரே சட்டகத்தில் கிடைத்த முழு விடை அது.

கன்சாஸில் 1984 முதல் நடக்கும் சர்வதேச லைன்மேன் போட்டியில் அப்ரண்டிஸ்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆள் எடையுள்ள பொம்மையைக் கம்பத்திலிருந்து நாலு நிமிடத்துக்குள் இறக்குவது ஒரு பந்தயம். பச்சை முட்டையுடன் ஏறி, அதை வாயில் கவ்வியபடி உடையாமல் இறங்குவது இன்னொன்று.

1970இல் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் மின் லைன் வேலைக்கென்று தனி விதி எழுத 1994 ஆயிற்று. உயர்மின் பக்கம் போகிறவன் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. ஆனால் ஏறும்போது விழாமல் காக்கும் கருவி கட்டாயமானது 2015 ஏப்ரலில்தான். அதுவரை தேர்ந்த லைன்மேன் ஏறும் வழியில் எதிலும் கட்டப்படாமலே ஏறினார்; உச்சிக்குப் போய் நின்ற பிறகே பெல்ட்டைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டார். முள் வழுக்கினால் நேராகத் தரை. மோர்ஸின் முதல் கம்பத்துக்கும் இந்த விதிக்கும் இடையே 171 ஆண்டு போயிருக்கிறது. இவ்வளவு தாமதத்தை நியாயப்படுத்த எந்தக் காரணமும் போதாது.

இருவரில் ஒருவர் இறந்த காலம் போய்விட்டது. ஆனாலும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரங்களில் லைன்மேன் வேலை மிக ஆபத்தான தொழில்களின் வரிசையில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஆள் போதவில்லை என்ற குரல் எழும். அப்போது பயிற்சிக் காலத்தைச் சுருக்கச் சொல்வது எளிது. அந்த 7,000 மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது.