தேர்ந்தெடுப்போரின் தகுதி

திருவானைக்காவலின் ஆலய மதில்களைக் கடந்து செல்வோரில், அவ்விடத்தில் ஒரு காலத்தில் பிரெஞ்சுப் படை தங்கியிருந்ததை அறிந்தோர் சிலரே. கர்நாடகத்தின் நவாப் யார் என்ற வழக்கே அப்படையை இங்குக் கொணர்ந்தது.

1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். அவர் மைந்தர் முஹம்மது அலி திருச்சிக் கோட்டையில் புகலடைந்தார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபை ஆதரித்தனர். 1752 ஜூன் மாதம் திருவரங்கத் தீவில் வழக்கு முடிந்தது. தஞ்சைப் படைத்தலைவரிடம் சரணடைந்த சந்தா சாகிபு கொல்லப்பட்டார். பிரெஞ்சுத் தளபதி லா ஆங்கிலேயரிடம் பணிந்தார். முஹம்மது அலியின் பதவி நிலைத்தது. இருவரும் முஸ்லிம்களே, ஆயினும் அவர்களிடையே தீர்ப்பளித்தது பீரங்கிதான்.

நம் மார்க்க முன்னோர் காட்டிய வழி வேறு. ஹிஜ்ரி 23-ல் (கி.பி. 644) மரணப் படுக்கையிலிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம்மை அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு ஸஹாபாக்களிடம் ஒப்படைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ்வை ஆலோசனைக்கு மட்டும் அனுமதித்து, பதவியிலிருந்து விலக்கினார்கள். அறுவரில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) தம் உரிமையைத் தாமே துறந்து, மதீனா மக்களிடம் கருத்துக் கேட்ட பின்னரே உஸ்மான் (ரலி) அவர்களின் கரம் பற்றினார்கள்.

இத்தகையோரை 'அஹ்லுல் ஹல்லி வல் அக்து' என்பர். அவிழ்க்கவும் முடிச்சிடவும் உரியோர் என்பது சொற்பொருள். கி.பி. 1058-ல் மறைந்த இமாம் மாவர்தீ, தலைவருக்கு மட்டுமன்றி, அவரைத் தேர்ந்தெடுப்போருக்கும் மூன்று தகுதிகளை விதித்தார்: நேர்மை, தலைமைக்குரியவரை இனங்காணும் அறிவு, தக்கவரைத் தெரியும் விவேகம்.

தேர்ந்தெடுப்போர் இல்லாத பதவியின் முடிவை 1801 காட்டியது. தன் நிபந்தனைகளை ஏற்க மறுத்த வாரிசைக் கம்பெனி ஒதுக்கிற்று. ஏற்ற அழீமுத்தௌலாவை நவாபாக்கி, நாட்டின் ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டது. அமர்த்தியவனே அகற்றவும் செய்வான் அன்றோ!

1752-க்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1952 ஜனவரியில், சென்னை இராஜ்ய மக்கள் வாக்குச்சாவடிகளுக்குச் சென்றனர். முன்பு சொத்தும் வரியும் உடையோரைச் சார்ந்திருந்த உரிமை, 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் கிட்டிற்று. 1989-ல் அவ்வயது 18 ஆயிற்று.

மாவர்தீ எழுதியது கிலாஃபத்தைப் பற்றியே. எனினும் அவர் கூறிய மூன்று தகுதிகளும் இன்று நம் ஒவ்வொருவர் தோளிலும் வந்தமர்ந்துள்ளன. வாக்கு என்பது, 'இவர் தகுதியுடையவர்' என நாம் கூறும் சாட்சியம். அதைப் பணத்துக்கு விற்பவர் சாட்சியத்தை விற்கிறார். 'என் ஒரு வாக்கால் என்ன?' என வீட்டிலிருப்பவர் சாட்சியத்தை மறைக்கிறார். தீவில் அன்று பீரங்கி பெற்றிருந்த இடத்தை இன்று நாம் பெற்றிருக்கிறோம். அது அமானிதம், அதைப் பற்றி விசாரணையும் உண்டு.