குழை கடித்த பிரவுசர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. இங்கே ஒரு மிளா கழுத்தை நீட்டி இளந்தளிரை இழுத்துக் கடித்தால், காட்டுயிர் ஆய்வாளர்கள் அதை 'பிரவுஸ்' என்று குறித்துக்கொள்வார்கள். தரையில் புல் மேய்ந்தால் அது வேறு சொல். ஆடு குழை கடிக்கும், மாடு புல் மேயும் என்று ஊர்ப்பக்கம் பிரித்துச் சொல்வதும் இதைத்தான்.

செல்போனில் இருக்கும் பிரவுசருக்கும் இதே வேர்தான். தளிரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் தழை தின்பதாகியது. 19ஆம் நூற்றாண்டில், புத்தகத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டுவதையும் அப்படியே சொன்னார்கள். 1970களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லாரி டெஸ்லர், நிரல்களைப் புரட்டிப் பார்க்கும் கருவிக்கு 'பிரவுசர்' என்று பெயர் வைத்தார். 1990இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலை பிரவுசரை எழுதினார். 1993இல் வந்த மொசைக், எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி அதைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது.

தமிழ் ஒரே சொல்லில் நிற்கவில்லை. "நெட்ல மேய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்பது பேச்சு. இலங்கைப் பாடநூல்களில் பிரவுசர் என்பது மேலோடி. தமிழ்நாட்டில் நிலைத்தது உலாவி. வழிகாட்டி, ஒலிபெருக்கி போல உலாவுவது உலாவி. உலா என்றால் பவனி. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர்களுக்குப் பாடியது மூவருலா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆண்டாளும் ரெங்கமன்னாரும் வீதி உலா வருவது.

ஆனால், உலாவி எங்கும் போவதில்லை.

விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம்: விருதுநகர் டாட் நிக் டாட் இன். இதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'இன்' இந்தியா; 'நிக்' தேசிய தகவலியல் மையம்; அதற்குள் விருதுநகர். உலாவி முதலில் இந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிறகு அந்த எண்ணில் இருக்கும் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கும். சர்வர் அனுப்புவது குறியீடுகள் கலந்த வெறும் எழுத்து; தலைப்பு, படம், பத்தி என்று அதைத் திரையில் அடுக்குவதுதான் உலாவியின் வேலை. அப்படிப் பார்த்தால் உலா வருவது பக்கம்; பயனாளர் வாசலில் நின்று சேவிப்பவர்.

இந்த வேலைப் பிரிவு தெரியாததால்தான் "கூகுளைத் திற" என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். கூகுள் தேடுதளம்; குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகியவை உலாவிகள்; இணையமோ இவை எல்லாம் ஓடும் பாதை.

1995 ஆகஸ்ட் 15இல் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, தமிழ்நாட்டு ஊர்களில் 'பிரவுசிங் சென்டர்' போர்டுகள் முளைத்தன. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க அங்கேதான் கூட்டம். போர்டில் பெயர் மாறாத கடைகள் இன்றும் உண்டு. உள்ளே நடப்பது ஆதார் பிரிண்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கரண்ட் பில்.