சைகைமொழி வகுப்பறையில் விளையாட்டு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மொழி கற்பித்தலில் விளையாட்டு என்பது மாணவர்தம் சோர்வை நீக்கும் துணைக்கருவியாகவே பெரிதும் கருதப்படுகிறது. சைகைமொழியைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையாகாது. அம்மொழி வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்ட காலத்தில் அதனைக் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்த இடங்களுள் தலையாயது விளையாட்டுக்களமே. எனவே, இன்று சைகைமொழி வகுப்பில் விளையாட்டுக்கு இடமளிப்பது புதுமையன்று. அம்மொழி வாழ்ந்த சூழலை வகுப்பறைக்குள் மீட்டுக் கொணர்வதாகும். இதனை வரலாற்று வழி நிறுவுவதும், பீர்மேடு போன்ற இருமொழி எல்லைப் பகுதிக்கு அதனால் விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிப்பும் மொழியும்

உடல்வழிக் குறிப்பைத் தமிழ் மரபு நுட்பமாக ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தது. திருக்குறள் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் குறிப்பறிதல் என ஓரதிகாரம் கொண்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் ஒற்றைக் கையால் அமையும் பிண்டி 33, இரட்டைக் கையால் அமையும் பிணையல் 15 எனத் தொகுத்தார். ஆயினும் இவை பேச்சுக்கும் கூத்துக்கும் துணையாவன. சைகைமொழியோ தனக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் உடைய முழுமொழி. கைவடிவம், இடம், அசைவு ஆகிய உறுப்புகளால் அதன் சொற்கள் அமைவதை வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அமெரிக்கச் சைகைமொழியைக் கொண்டு நிறுவினார். எழுத்தொன்று மாறப் பொருள் மாறுதல் போல, இவ்வுறுப்புகளுள் ஒன்று மாறினும் பொருள் மாறும்.

பள்ளியும் தடையும்

இந்தியாவில் காது கேளாதோர்க்கான பள்ளிகள் பம்பாயில் 1880களிலும், கல்கத்தாவில் 1893இலும் தோன்றின. தமிழகத்தில் 1890களில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. இதற்குச் சற்று முன்னர், 1880இல் மிலான் நகரில் கூடிய பன்னாட்டுக் கல்வி மாநாடு, சைகையினும் பேச்சுமுறையே சிறந்ததெனத் தீர்மானித்தது. அதன் தாக்கம் உலகெங்கும் பரவியது. இந்தியப் பள்ளிகள் பலவற்றிலும் உதட்டசைவை நோக்கலும் ஒலிப்புப் பயிற்சியுமே கல்வியாயின. அத்தீர்மானங்களை வான்கூவர் நகரில் நடைபெற்ற மாநாடு புறந்தள்ளியது 2010இல்தான்.

விளையாட்டுக்களம் காத்த மொழி

காது கேளாத குழந்தையருள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோர்க்குப் பிறப்பவர். ஆதலின் சைகைமொழி பெரும்பாலும் தாயிடமிருந்து சேய்க்கு வருவதில்லை. குழந்தையிடமிருந்து குழந்தைக்கு வருகிறது. அது நிகழும் இடம் விடுதியும் ஆடுகளமுமாகும். நிகரகுவா நாட்டின் மனாகுவா நகரில் 1970களின் இறுதியில் தொடங்கிய பள்ளிகள் இதற்குத் தெளிவான சான்று. வகுப்பில் ஆசிரியர் ஸ்பானிய மொழியைப் பேசப் பயிற்றினர். பள்ளி முற்றத்திலும் பேருந்திலும் மாணவர் தமக்குள் ஒரு புதிய சைகைமொழியையே உருவாக்கினர். தாய்மொழி என்னும் சொல்லின் பொருளை நாம் மறுசிந்தனை செய்ய வேண்டிய இடமிது.

வகுப்பறை ஆட்டங்கள்

கேட்கும் மாணவர் குனிந்து எழுதியவாறே பாடம் கேட்கலாம்; சைகைமொழி மாணவர் கண்ணை விலக்கினால் பாடமே அறுபடும். ஆகவே அனைவரும் அனைவரையும் காணும் அரைவட்ட அமர்வும், முறைவைத்து ஆடும் ஆட்டமும் இங்குக் கற்பித்தலின் வடிவமே ஆகின்றன. முதுகு காட்டி வரிசையில் நிற்கும் மாணவர், தோளைத் தொட்டுத் திருப்பி ஒரு சைகையை அடுத்தவர்க்குக் கடத்துவர். இறுதியில் வந்து சேர்ந்த சைகையை முதற்சைகையோடு ஒப்பிட, மாறியது கைவடிவமா, இடமா, அசைவா எனக் காணலாம். விளையாட்டாகவே ஒரு மொழியியல் பாடம் நிறைவுறும். ஒரே கைவடிவத்தால் அமையும் சைகைகளை மீளக் கூறாது ஆளுக்கொன்றாகத் தருதல் மற்றோர் ஆட்டம். ஆங்கில நெடுங்கணக்கின் கைவடிவங்களை வரிசை பிறழாது தொடுத்துக் கதை சொல்லும் அமெரிக்கக் காது கேளாதோர் மரபு, நம் மிறைக்கவிகளோடு ஒப்பிடத்தக்கது.

மரபு விளையாட்டுகளைத் தேர்ந்தே கொள்ளல் வேண்டும். கண்ணைக் கட்டும் கண்ணாமூச்சி, இக்குழந்தையர்க்குக் காதையும் வாயையும் ஒருங்கே அடைப்பதற்கு ஒப்பாகும். ஆடுபுலி ஆட்டமோ கண்ணும் கையும் கொண்டே ஆடப்படுவது.

பீர்மேட்டுச் சூழல்

1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. இங்குத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழ். மாநில ஆட்சிமொழி மலையாளம். இத்தகைய வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தை பள்ளியில் மலையாள உதட்டசைவைப் பயின்றால், தாயின் தமிழ் உதட்டசைவு அதற்கு அயலாகிவிடும். இந்தியச் சைகைமொழியின் இலக்கணமோ இவ்விரு மொழிகளையும் சார்ந்ததன்று. வட்டாரச் சொல்வேறுபாடுகள் உண்டெனினும் எல்லையின் இருபுறமும் அது செல்லும். விளையாட்டின் வழிப் பயிற்றும்போது எழுத்தறியாத தாயும் அதில் பங்குகொள்ள இயலும். பள்ளியில் கற்ற ஆட்டத்தைக் குழந்தை வீட்டில் ஆட, தாய் மாணவியாகிறாள், சேய் ஆசிரியராகிறது.

முடிவுரை

1997இல் திருவனந்தபுரத்தில் தேசியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும், 2015இல் புதுதில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமும் நிறுவப்பெற்றன. அம்மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. எனினும் அகராதி சொல்லைத் தரும், உரையாடலைத் தாராது. உரையாடலைத் தருவது முகம் நோக்கி ஆடும் ஆட்டமே. ஆசிரியப் பயிற்சித் திட்டங்கள் விளையாட்டை ஓய்வுவேளைக்கு ஒதுக்காது, பாடத்தின் உறுப்பாகவே ஏற்றல் வேண்டும். காது கேளாத குழந்தையரின் ஆடல்களைத் தமிழ் நாட்டுப்புறவியலார் தொகுத்தாராய முற்படின், அது இருதுறைக்கும் பயன் நல்கும்.